நுரையீரலைப் புண்ணாக்குவது யார்?



செம்பனைக் குலையைத் தூக்கும்போது அதன் முள் விரலில் ஏறிவிடுகிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறோம். அன்று இரவு விரல் சிவந்து, வீங்கி, சூடேறி, விண் விண் என்று தெறிக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு முனை தெரிகிறது. சீழ் பிடித்துவிட்டது என்கிறோம். அதைப் பிதுக்கித் துடைத்துவிடுகிறோமே தவிர, சீழ் என்பது என்ன என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டுப் பார்த்ததில்லை.

சீழ் என்றால் கெட்ட ரத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. முள்ளோடு உள்ளே புகுந்த கிருமிகளை எதிர்த்துப் போராடி மாண்டுபோன வெள்ளணுக்களின் குவியல்தான் சீழ். அந்த வெள்ளணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பெயர் நியூட்ரோபில். சில சமயம் சீழில் லேசான பச்சை நிறம் தெரிகிறதல்லவா? அதுகூட இந்த அணுக்களுக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் நிறமே.

இதே அணுக்கள் காசநோயின்போது நம் நுரையீரலுக்குள் போய் என்ன செய்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். காசநோய்க் கிருமி நுரையீரலை அரித்துத் தின்றுவிடும் என்றே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முழு உண்மை அப்படியல்ல. அரிக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நம்முடைய சொந்த வெள்ளணுக்கள்தாம். கேட்பதற்கு இது விபரீதமாக இருக்கலாம். ஆனால் இதை விளங்கிக் கொண்டால், இருமலை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதும், நோய் தீர்ந்த பிறகும் சிலருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் இந்த அணுவின் ஊர், பேர் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் எலும்புகளுக்குள்ளே மஜ்ஜை இருக்கிறது. ரத்த அணுக்கள் பிறப்பது அங்கேதான். வளர்ந்த ஒரு மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில் அணுக்களை உண்டாக்குகிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். அவற்றில் நூற்றுக்கு 50 முதல் 70 வரை நியூட்ரோபில்களே. கிளினிக்கில் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டுக் கொடுக்கும் தாளைக் கவனித்தால் இந்தப் பெயரும் கணக்கும் அதிலே இருப்பதைக் காணலாம். அந்த எண் கூடியிருந்தால் உடனே காசநோய் என்று பயந்துவிட வேண்டாம். பல் வீக்கத்திற்கும் அது கூடும். சாதாரணக் கட்டிக்கும் கூடும்.

இத்தனை கோடியாகப் பிறக்கும் இந்த அணு, ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு நாள் அளவுக்கே வாழ்கிறது. இது வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் அந்த அணுவின் வயிற்றில் இருக்கும் சரக்கு அப்படிப்பட்டது. அதை நெடுநாள் உடம்பில் உலவ விடுவதே ஆபத்து. அந்தச் சரக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

வெள்ளணுக்கள் நம்மைக் காக்கின்றன என்பதைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு முள் வருகிறது. 1882-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார் மெட்ச்னிகாவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. கண்ணாடி போல உடல் தெளிவாகத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை அவர் ஆராய்ந்து வந்தார். ஒரு நாள் தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளைப் பறித்து, அந்தக் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தபோது, நகரும் அணுக்கள் எங்கிருந்தோ வந்து அந்த முள்ளைச் சூழ்ந்துகொண்டு நின்றன. வெளியிலிருந்து நுழைந்த பகையை விழுங்குவதற்கென்றே உடம்பில் அணுக்கள் இருக்கின்றன என்று அவர் உலகுக்குச் சொன்னார்.

அதே 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ராபர்ட் கோக் என்ற டாக்டர், காசநோய் ஒரு கிருமியால் வருவது என்று அறிவித்தார். அதுவரை அது பரம்பரை நோய் என்றும், உடம்பின் இயல்பு என்றும் பலர் பலவிதமாகப் பேசி வந்தார்கள். கோக்கின் பேச்சைக் கேட்கச் சென்றிருந்தவர்களில் பால் எர்லிக் என்ற இளம் டாக்டரும் ஒருவர். ரத்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றி வகை பிரிப்பதில் அவர் கைதேர்ந்தவர். அமிலச் சாயத்தை ஏற்கும் அணு ஒன்று. காரச் சாயத்தை ஏற்கும் அணு ஒன்று. இரண்டுக்கும் நடுவான சாயத்தை ஏற்கும் அணு ஒன்று. அந்த நடுவான அணுவுக்குத்தான் அவர் நியூட்ரோபில் என்று பேர் வைத்தார். கோக்கின் கிருமிக்கு நல்ல முறையில் சாயம் ஏற்ற வழி கண்டவரும் அவரே. சில ஆண்டுகள் கழித்து எர்லிக்குக்கே காசநோய் கண்டது. தம் சளியில் அந்தக் கிருமி இருப்பதைத் தாமே சாயமேற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1888-இல் வெப்பமும் உலர்ந்த காற்றும் நாடி எகிப்து நாட்டுக்குப் போய்த் தங்கினார். நல்ல காலம், தேறித் திரும்பினார். 1908-ஆம் ஆண்டு நோபல் பரிசை மெட்ச்னிகாவும் எர்லிக்கும் சேர்ந்து பெற்றார்கள்.

இனி நுரையீரலுக்குள் போவோம். மூச்சுக் குழாய் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றுப் பைகளில் முடிகிறது. இப்படி 30 கோடிக்கும் மேற்பட்ட பைகள் நம் நெஞ்சுக்குள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது அவை விரிகின்றன, விடும்போது சுருங்குகின்றன. இப்படி விரிந்து சுருங்க அவற்றின் சுவரில் இரண்டு வகை நார்கள் வேண்டும். ஒன்று எலாஸ்டின், இது ரப்பரைப் போல இழுபட்டுத் திரும்பும். மற்றொன்று கொலாஜன்; இது கயிற்றைப் போல உறுதி தரும். பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நல்ல ரப்பர் வளையம் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வெயிலில் கிடந்து மக்கிய வளையம் இழுத்தால் அறுந்துவிடும்.

சாதாரண நிமோனியாக் காய்ச்சலில் என்ன நடக்கிறது? கிருமி காற்றுப் பையில் இறங்கி அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஆபத்துச் செய்தி ரத்தத்துக்கு எட்டுகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் ரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக்கொண்டு வெளியேறிக் காற்றுப் பைகளில் வந்து குவிகின்றன. எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். காய்ச்சல், குத்துவலி, மூச்சுத் திணறல் எல்லாம் வரும். இதைத்தான் நுரையீரல் அழற்சி என்கிறோம். கிருமிகள் சில நாளில் ஒழிந்ததும் நியூட்ரோபில்கள் அடங்கி மடிகின்றன. நுரையீரலிலேயே குடியிருக்கும் வேறொரு வகை அணு, மடிந்தவற்றையெல்லாம் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கிறது. அதற்கு மாக்ரோபேஜ் என்று பெயர். பெருந்தீனிக்காரன் என்று நாம் பொருள் சொல்லிக் கொள்ளலாம். தக்க மருந்தோடு நிமோனியா தீர்ந்தால் பெரும்பாலோருடைய நுரையீரல் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. படை வந்தது, சண்டை போட்டது, போய்விட்டது. அவ்வளவுதான்.

காசநோய்க் கிருமியிடம் இந்தக் கணக்குப் பலிப்பதில்லை. இந்தக் கிருமி ஒருமுறை இரட்டிப்பாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக் கொள்கிறது. அதன் மேல்தோல் மெழுகு பூசியது போன்றது. பெருந்தீனிக்கார அணு அதை விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது குடியேறிவிடுகிறது. உடம்பும் விடுவதில்லை. பலவகை அணுக்கள் சூழ்ந்து நின்று, கிருமி இருக்கும் இடத்தைச் சிறு முடிச்சுப் போலக் கட்டி அடைத்துவிடுகின்றன. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் அந்த முடிச்சு அவிழ்வதே இல்லை.

இந்தத் தொடக்கக் கட்டத்தில் நியூட்ரோபில் நமக்கு நண்பன் என்றே தோன்றுகிறது. லண்டனில் காசநோயாளிகளோடு பழகிய 189 பேரைச் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ரத்தத்தில் நியூட்ரோபில் அதிகமாக இருந்தவர்களுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்புக் குறைவாக இருந்தது என்று அதில் கண்டார்கள்.

முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் நிலைமை தலைகீழாகிறது. நியூட்ரோபில்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிருமியை விழுங்குகின்றன. ஆனால் கொல்லத் திணறுகின்றன. பல சமயம் விழுங்கிய நியூட்ரோபில் உடைந்து சிதறுகிறது. உள்ளே இருந்த கிருமி உயிரோடு வெளியேறுகிறது. சிதறிய அணுவின் வாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பல நியூட்ரோபில்கள் வருகின்றன. கிருமி சாகாததால் படையைத் திருப்பி அழைக்கவும் வழியில்லை. கொரியா நாட்டில் காசநோயாளிகளின் சளியையும் நுரையீரல் பொந்துகளில் இருந்த பொருளையும் ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. நோய் முற்றியவர்களிடம் கிருமியை விழுங்கி வைத்திருந்த அணுக்களில் மிகுதியானவை நியூட்ரோபில்களே என்று அது காட்டிற்று. அதே ஆண்டில் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தவர்கள், நோய் வெளிப்பட்டவர்களின் ரத்தத்தில் நியூட்ரோபில்கள் ஒரு தனி மாதிரியாகக் கிளர்ந்திருப்பதைக் கண்டார்கள். மருந்து வேலை செய்யச் செய்ய அந்தக் கிளர்ச்சி தணிந்து வந்தது.

முன்பு சொல்வதாகச் சொன்ன சரக்கு இப்போது வருகிறது. நியூட்ரோபில்லின் வயிற்றில் பொடிப்பொடியான மணிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று எலாஸ்டேஸ் என்ற பொருள். ரப்பர் போன்ற எலாஸ்டின் நாரை அது அறுத்துவிடும். மற்றொன்று கொலாஜன் கயிற்றை வெட்டும். கிருமியைக் கொல்லவும், நெருக்கமான சதைக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு போகவும் இயற்கை கொடுத்த ஆயுதங்கள் இவை. இவை போதாதென்று இன்னொன்றும் உண்டு. 2004-ஆம் ஆண்டு பெர்லினில் உள்ள மேக்ஸ் பிளாங்க் கழகத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். நியூட்ரோபில் சாகும் தறுவாயில் தன் கருவில் சுருண்டிருக்கும் மரபு இழையை வெளியே வீசி, சிலந்தி வலை போல விரிக்கிறது. அந்த வலை முழுவதும் இதே வெட்டும் பொருள்கள் ஒட்டியிருக்கும். பல கிருமிகள் அதில் சிக்கிச் சாகின்றன. காசநோய்க் கிருமி சிக்குகிறது. ஆனால் எளிதில் சாவதில்லை. வலையில் இருக்கும் வெட்டுப் பொருளோ நுரையீரல் நாரின் மீது பாய்கிறது.

லயத்துக்குப் பின்னால் நாம் மரவள்ளி போட்டிருக்கிறோம். ராத்திரி ஒரு காட்டுப் பன்றி நுழைந்துவிட்டது. அதை விரட்ட நாற்பது பேர் தடியோடு ஓடிவருகிறார்கள். பன்றி புதருக்குள் பதுங்கிக் கொள்கிறது. விடியும்வரை நாற்பது பேரும் மிதித்த மிதியில் கொல்லை என்ன ஆகும்? பன்றி தின்றது நாலு கிழங்கு. மற்றதெல்லாம் காவலுக்கு வந்தவர்கள் மிதித்தது. காசநோயாளியின் நுரையீரலில் நடப்பது ஏறக்குறைய இதுதான். அங்கே விடியல் மட்டும் மாதக் கணக்கில் தள்ளிப் போகிறது.

இதை ஆராய்ந்து நிறுவியதில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கேத்தரின் ஓங், லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காசநோயாளிகளின் சளியில், கொலாஜனை வெட்டும் நியூட்ரோபில் பொருள் மிகுந்திருந்தது. அந்த ஒரு பொருளை மட்டும் முடக்கிவிட்டால் கொலாஜன் அழிவது நின்றுபோவதையும் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

நார்கள் அறுந்த இடம் குழைந்து, பாலாடைக் கட்டி போலாகி, கடைசியில் மூச்சுக் குழாயின் பக்கம் உடைந்துகொள்கிறது. உள்ளே இருந்தது சளியாக வெளியேற, அங்கே ஒரு பொந்து விழுகிறது. எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டும் ஓட்டை அதுதான். பக்கத்தில் ரத்தக் குழாய் இருந்து அதன் சுவரும் அரிபட்டால் இருமலில் ரத்தம் வரும். பொந்துக்குள் காற்று தாராளமாகக் கிடைப்பதால் கிருமி கோடிக் கணக்கில் பெருகுகிறது. பொந்து உள்ளவர் இருமும்போது, வீட்டிலுள்ள எல்லாருடைய மூச்சுக்கும் அது வந்து சேர்கிறது. மலாய்க்காரர்கள் இந்த நோயை பாத்தோக் கெரிங், அதாவது வறட்டு இருமல் என்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சளி வந்தால் காசநோய் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சளியிலேதான் கிருமியும் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது.

அப்படியானால் இந்த வெள்ளணுக்களை அடக்கி வைத்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அழற்சியை அடக்கும் ஸ்டிராய்டு மருந்துகள் பல காலமாக இருக்கின்றன. காசநோய் மூளை உறைக்குப் பரவும்போது, கிருமியைக் கொல்லும் மருந்தோடு சேர்த்து டாக்டர்கள் ஸ்டிராய்டும் கொடுக்கிறார்கள். அதனால் உயிர்ச்சேதம் குறைவதை வியட்நாமில் நடந்த ஆய்வு 2004-இல் காட்டிற்று. ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாமல் ஸ்டிராய்டை மட்டும் சாப்பிடுவது, பன்றி உள்ளே இருக்கும்போதே காவலை அனுப்பிவிட்டு வேலியையும் பிரித்துப் போடுவதற்குச் சமம். அடங்கிக் கிடந்த முடிச்சுக்கூட அவிழ்ந்துவிடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் கைகண்ட மருந்து என்று சொல்லி, பேர் தெரியாத உருண்டைகளையும் பொடிகளையும் விற்பவர்கள் உண்டு. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் வரும் இப்படிப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு சோதித்துக் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பிச் சதை போட்டது போலத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. இருமல் உள்ளவர் இதைச் சாப்பிட்டால் காய்ச்சலும் அடங்கி, நோய் மறைந்து நின்று முற்றும்.

அணுக்களை முழுவதும் அடக்காமல், அவற்றின் வெட்டும் பொருளை மட்டும் மட்டுப்படுத்த முடியுமா என்று இப்போது தேடுகிறார்கள். டாக்சிசைக்ளின் என்பது பழைய மருந்து, விலையும் குறைவு. சிங்கப்பூரில் 30 காசநோயாளிகளிடம் நடத்திய சோதனை ஒன்று 2021-இல் வெளிவந்தது. வழக்கமான காசநோய் மருந்தோடு, ஒரு பாதிப் பேருக்கு 14 நாள் டாக்சிசைக்ளினும், மறு பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்சிசைக்ளின் சாப்பிட்டவர்களின் சளியில் நாரை அறுக்கும் பொருள்களின் வேகம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதைக் கேட்டுவிட்டு யாரும் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

நம் கையில் இருக்கும் வழிகள் வேறு. சிகரெட்டை எடுத்துக் கொள்வோம். எலாஸ்டேஸ் என்ற வெட்டும் பொருளை அடக்குவதற்கென்றே நம் ரத்தத்தில் ஒரு தடுப்புப் புரதம் இருக்கிறது. புகை அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதே புகை நியூட்ரோபில்களை நுரையீரலுக்குக் கூட்டியும் வருகிறது. கத்தி கூடுகிறது, உறை குறைகிறது. நோய் கண்டவர் புகைப்பது ஏன் இரட்டைக் கேடு என்பது இதனால் விளங்கும். புகைமூட்டமும் லேசானதல்ல. 1997-இல் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடு எரிந்து நம் வானம் மங்கிக் கிடந்ததல்லவா? அப்போது சிங்கப்பூரில் ஆரோக்கியமான 30 இளம் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மஜ்ஜையிலிருந்து முற்றாத நியூட்ரோபில்கள்கூட அவசர அவசரமாக ரத்தத்துக்கு வந்திருந்தன. திடகாத்திரமானவர்களுக்கே இப்படி.

இனிப்புநீர் நோயும் இதோடு சேர்ந்தது. நம் வீடுகளில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதில் மந்தமாகின்றன. ஆனால் அழற்சி குறைவதில்லை. இந்த நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு. ஆகையால் இனிப்புநீர் உள்ளவர் இருமினால் வீட்டிலுள்ளவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலேசியாவில் 1961-ஆம் ஆண்டிலேயே தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. ஆயினும் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 25,000 பேருக்கு மேல் புதிதாக இந்த நோய் கண்டிருக்கிறது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எது சேர்ந்தாலும், அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பொந்து விழுவதற்கு முன்னால் மருந்து தொடங்கினால் கிருமி சாகிறது, படையும் கலைகிறது, நாரும் தப்புகிறது. பொந்து விழுந்த பிறகு தொடங்கினாலும் கிருமி சாகத்தான் செய்யும். அறுந்த நார் மட்டும் பழையபடி கூடாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறோம்.

வீட்டை விட்டுப் பிரித்து எங்கோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நோயை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சென்னையில் 1956-இல் தொடங்கி நடத்திய சோதனை ஒன்றில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். மறு பகுதியினரை ஆஸ்பத்திரியில் தங்க வைத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-இல் தெரியவந்தது. உலகம் முழுவதும் காசநோய்க்கான தனி ஆஸ்பத்திரிகள் மெல்ல மூடப்பட்டதற்கு நம் மக்கள் பங்குபெற்ற அந்தச் சோதனை ஒரு முக்கியக் காரணம்.

மருந்து சாதாரணமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. சில வாரத்திலேயே காய்ச்சல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். அப்போதுதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தேற்றம் எதைக் காட்டுகிறது? கிருமி பெருமளவு குறைந்ததால் வெள்ளணுக்களின் கொந்தளிப்பு அடங்கியிருக்கிறது என்பதை மட்டுமே. குழைந்துபோன கட்டிக்குள் உறங்கிக் கிடக்கும் மிச்சக் கிருமிகள் இன்னும் சாகவில்லை. அவை மறுபடி பெருகினால் படையும் மறுபடி வரும். இந்த முறை வேறோர் இடத்தில் பொந்து விழும். அதோடு, பழைய மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் அது மாறியிருக்கக் கூடும். ரிபாம்பிசின் என்ற மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு ரத்தம் என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது மருந்தின் நிறம்தான். கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், பார்வை மங்கினாலும் காத்திராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்தை முழுவதும் முடித்தவர்களில் சிலர், நோய் தீர்ந்துவிட்டது என்றார்களே, மேடு ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதே என்று கேட்கிறார்கள். கிருமி போய்விட்டது, நார் அறுந்த இடத்தில் தழும்பு இருக்கிறது. தழும்பு ரப்பரைப் போல விரியாது. சிலருக்குத் தழும்பு மூச்சுக் குழாயை இழுத்து அகலப்படுத்திவிடுவதால், காலையில் சளியும் இருமலும் நீடிக்கும். அது காசநோய் திரும்பியதாகவும் இருக்கலாம், வெறும் தழும்பின் தொல்லையாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் தழும்பும் நோயும் ஒன்றுபோலவே தெரிவது உண்டு. எனவே மறுபடி சளிச் சோதனை செய்வார்கள். அப்படிப் போகும்போது பழைய எக்ஸ்ரே படமோ, மருந்து முடித்ததற்கான அட்டையோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தழும்பு அப்படியே இருக்கிறதா, புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும்.